முதலை காத்த எல்லை

எண்பத்து மூன்றாம் ஆண்டு மாரி வெள்ளத்தோடு எங்கள் தென்மராட்சிக் குளத்துக்கு ஒரு முதலை குடிவந்தது. பதினோரு அடி. அளந்தவன் நான், முதலையும் மறுப்புச் சொல்லவில்லை.

பின்னாலேயே வனவிலங்கு அதிகாரி கனிசியஸ் வந்து கரையில் ஒரு பலகை நட்டார். "அடிக்கப்படாது, கலைக்கப்படாது, நித்திரையைக் குழப்பப்படாது. தொட்டா மறியல், கம்பி எண்ணவேணும்" என்றார்.

இதில் அகப்பட்டவள் நல்லம்மா. புருஷன் இல்லாதவள். பழைய வேலி உக்கி விழுந்துவிட்டதால், கிடுகு பின்னுவதற்கு இருநூறு தென்னோலையைக் கட்டாகக் கட்டிக் குளத்தில் ஊறப்போட்டிருந்தாள். முதலை அந்தக் கட்டைப் பாயாக நினைத்து ஏறிப் படுத்துவிட்டது.

வேலி இல்லாத காணிக்கு அடுத்த காணிக்காரர் ஆழ்வாப்பிள்ளை. எல்லையில் வேலிக்கு ஊன்றிய கதியால் தடிகளை நாளுக்கொரு விரற்கடை உள்ளே தள்ளி நட்டுக்கொண்டு வந்தார். இன்னும் ஒரு சாண் வந்தால் நல்லம்மாவின் பலாமரம் அவருடையது.

"என்ன ஆழ்வாப்பிள்ளை அண்ணை, நேற்று நட்ட கதியால் இண்டைக்கு நடந்து வந்திருக்கு?" என்று கேட்டாள் நல்லம்மா.

"மாசிப் பனிக்கு நிலம் இளகும் பிள்ளை. கதியால் என்ன செய்யும்?"

நல்லம்மா என்னிடம் வந்தாள். "அண்ணை, ஓலை அழுகினாலும் காரியமில்லை. பலா போகப்படாது."

"ஓலைக் கட்டை எதிலை கட்டினனீ?"

"கரைப் பூவரசிலை. நீட்டுக் கயிறு."

"பலகையிலை கயிற்றைப் பற்றி ஒண்டும் இல்லையே" என்றேன்.

கயிற்றின் நுனியை அயல்வீட்டு முருகேசுவின் வண்டில் எருதுகளில் பூட்டினோம். அந்த எருதுகளுக்குத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இல்லை. ஓலைக்கட்டு கரையேறி ஊர் நடக்கும் மணல் ஒழுங்கையால் வந்தது. முதலை கண் திறக்காமல் அதன்மேல் வந்தது. வாசிகசாலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். பலாவுக்கு அப்பால், பழைய கதியால் குழிகள் இருந்த கோட்டிலே கட்டை நிறுத்தினோம்.

ஆழ்வாப்பிள்ளை சைக்கிளை உழக்கிக்கொண்டு போய்க் கனிசியஸை அழைத்துவந்தார்.

"ஐயா, உந்த முதலையை இழுத்தெறியுங்கோ!"

கனிசியஸ் குந்தியிருந்து பார்த்தார். "நித்திரை கொள்ளுது. குழப்பேலாது. இதை ஆர் கொண்டுவந்தது?"

"நாங்கள் ஓலையைத்தான் கொண்டுவந்தனாங்கள் ஐயா" என்றேன். "அவர் தன்ரை விருப்பத்திலை கூட வந்தவர்."

கனிசியஸ் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். முதலை சவாரி போவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"அப்ப என்ரை எல்லை?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"அது எழும்புமட்டும் நீங்கள் கிட்டவும் வரப்படாது."

நல்லம்மா பொழுதை வீணாக்கவில்லை. முதலைக்கு அடியிலிருந்து ஒவ்வொரு ஓலையாக உருவினாள், கிழித்தாள், பின்னினாள். ஆழ்வாப்பிள்ளையின் கதியால்களைப் பிடுங்கி, முதலையின் முதுகு போன கோட்டில் நூல் பிடித்ததுபோல் நட்டுக் கிடுகைக் கட்டிக்கொண்டு போனாள். ஓலை குறையக் குறைய முதலை பதிந்துகொண்டே வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கடைசி ஓலையை உருவியதும் வயிற்றில் சுடுமணல் பட்டது. முதலை ஒரு கண்ணைத் திறந்து ஆழ்வாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, வந்த ஒழுங்கையாலேயே குளத்துக்கு நடந்தது.

அதன்பிறகு குளத்தின் கிழக்குக் கரை ஓலைக்கு, மேற்குக் கரை முதலைக்கு. ஒரு தகராறும் இல்லை. பலாவும் நல்லம்மாவுக்குத்தான் காய்க்கிறது.

வேலி நேர்தான். ஒரு முனையில் மட்டும் ஆழ்வாப்பிள்ளையின் பக்கமாக முக்கால் முழம் வளைந்து போகும். வேலி அடைத்து முடிந்த அன்றே அவர் அதைக் கண்டுபிடித்தார்.

"உந்த வளைவு என்ன பிள்ளை?"

"அதிலை வால் கிடந்தது அண்ணை" என்றாள் நல்லம்மா. "நிமிர்த்தினா மறியல்."