வராத தூதன்

எங்கள் சபையில் என்னை அட்டை அண்ணன் என்பார்கள். வருடத் தொடக்கத்தில் ஆளுக்கு ஓர் அட்டை கொடுப்போம். அதில் முந்நூற்று அறுபத்தைந்து கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அன்றைக்குப் படிக்கவேண்டிய வேதப் பகுதி. படித்தால் டிக் போடவேண்டும். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அட்டைகளைச் சரிபார்ப்பது என் ஊழியம். "ஏன் தம்பி, செவ்வாயும் புதனும் பல்லு விழுந்த மாதிரி காலியா இருக்கு?" என்று கேட்டால், மீசை நரைத்தவர்கள்கூட நெளிவார்கள். ஒரு கட்டம்கூட விடாமல் முடித்தவர்களுக்கு வருடக் கடைசியில் பரிசு உண்டு. முழு வேதத்தையும் படித்து முடித்ததற்கு இன்னொரு வேதம்.

அந்தப் பரிசை நான் தொடர்ந்து நான்கு வருடம் வாங்கினேன். நான்கும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோவுக்கு மேலே கிடந்தன. அந்த நான்கு வருடமும் நான் ஒரு வரி படிக்கவில்லை.

பெரிய காரணம் ஏதாவது சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். சாவு, நோய், நம்பிக்கைத் துரோகம் என்று ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலையில் திறந்தேன். எழுத்துகள் இருந்தன, வேறெதுவும் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானங்களைப் படிப்பதுபோல இருந்தது. சாயங்காலம் படித்துக்கொள்ளலாம் என்று டிக்கை மட்டும் முதலில் போட்டுவைத்தேன். அந்தச் சாயங்காலம் வரவே இல்லை. ஆசை என்பது பல்வலி மாதிரி; இருக்கும்போது தூங்கவிடாது, போனால் எப்போது போனது என்றே தெரியாது. ஆனால் பல்வலி போனதற்கு யாரும் அழுவதில்லை. நான் இதற்கு இரண்டு முறை அழுதிருக்கிறேன், குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு.

இதில் வேடிக்கை, என் பிழைப்பே டிக் போடுவதுதான். பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. மணிக்கு ஒருமுறை அடுப்பின் சூடு, மாவின் ஈரம், பிஸ்கட்டின் கனம் எல்லாம் பார்த்துத் தாளில் டிக் போட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். பத்தொன்பது வருடத்தில் பார்க்காமல் ஒரு டிக் போட்டதில்லை. பிஸ்கட்டுக்கு இருந்த மரியாதை கடவுளுக்கு இல்லாமல் போயிற்று.

என் மனைவிக்கு அட்டையெல்லாம் கிடையாது. "ஆண்டவருக்கு நான் என்ன அட்டெண்டன்ஸா குடுக்கணும்?" என்பாள். தோன்றியபோது தோன்றிய இடத்தைப் பிரித்துப் படிப்பாள். போன மாதம் அவளுக்கு ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே விழித்திரை கழன்றிருக்கிறது என்று மருத்துவர் அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் காற்றுக் குமிழி ஒன்றை வைத்து அனுப்பினார். அந்தக் குமிழி சரியான இடத்தில் நிற்க இரண்டு வாரம் குப்புறவே படுத்திருக்கவேண்டும். தரையைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. படிக்கவே கூடாது.

இரண்டாம் நாளே அவளுக்குப் பொறுக்கவில்லை. போனில் வேதம் வாசிக்கும் குரல் ஒன்றைப் போட்டுவிட்டேன். "ரயில் தாமதம்னு அறிவிக்கிற மாதிரி இருக்கு. நீங்க படிங்க. உங்க அட்டையில இன்னைக்கு என்ன இருக்கோ அதையே சத்தமா படிங்க. ஒரே வேலையா முடிஞ்சிடும் பாருங்க" என்றாள். எப்படிப்பட்ட கரிசனம்! எனக்கு வியர்த்துவிட்டது.

தினமும் காலை பதினொரு மணிக்கு அவள் தலைமாட்டில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்பவேண்டும் என்பதால் பஸ் வேகத்தில் படித்தேன். வாய் படிக்கும், மனம் சாப்பாட்டு டப்பாவில் இருக்கும். ஊர்ப்பெயர்களும் சண்டைகளும் வந்தால் வரிவரியாகத் தாண்டினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு வசதி.

ஐந்தாம் நாள் ஒரு தளபதியின் கதை வந்தது. போருக்குப் போகும்போது அவன் கடவுளிடம் பொருத்தனை செய்கிறான்: ஜெயித்துத் திரும்பினால், என் வீட்டுவாசலிலிருந்து எது முதலில் எதிரே வருகிறதோ அதைத் தகனபலியாகக் கொடுப்பேன். ஜெயித்துத் திரும்புகிறான். வாசலிலிருந்து அவன் மகள் மேளம் தட்டி ஆடிக்கொண்டு வருகிறாள். ஒரே மகள்.

"ஐயோ" என்றாள் மனைவி, தலையணைக்குள்ளிருந்து. "அப்புறம்?"

எங்களுக்கும் ஒரே மகள்தான். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. புத்தகத்தை மூடியபடி, "அப்புறமென்ன, கடைசி நிமிஷத்துல தூதன் வந்து கையைப் பிடிச்சிடுவான். பக்கத்துப் புதர்ல ஆட்டுக்கடா ஒண்ணு மாட்டியிருக்கும். பொண்ணு பொழைச்சுக்குவா" என்றேன். சிறுவயதில் கேட்ட, மகனைப் பலிகொடுக்கப் போன இன்னொரு அப்பனின் கதை. அப்பனும் பிள்ளையும் பலியும் கத்தியும் எல்லாம் ஒன்றுதானே என்று வாய்க்கு வந்தது.

"ஸ்தோத்திரம்" என்று நீளமாக மூச்சு விட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் படிக்கும் நேரத்தில் போதகர் நலம் விசாரிக்க வந்தார். அவள் குப்புறப் படுத்தபடியே அவருடைய காலுறைகளிடம் பேசினாள். "ஐயா, அந்தத் தளபதி பொண்ணு கதை நேத்து இவர் படிச்சார். ராத்திரி முழுக்க அதேதான் நெனைப்பு. தூதன் மட்டும் வரலைன்னா அந்தப் பொண்ணு கதி என்ன, சொல்லுங்க?"

போதகர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணில் ஒரு கணம் ஏதோ தேடல் ஓடியது; கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. "ஆமாம்மா. கர்த்தர் கடைசி நிமிஷத்துலதான் வருவார். ஆனா வராம இருக்கமாட்டார்" என்றார். பிறகு உருக்கமாக ஜெபித்தார். அந்த ஜெபத்திலும் தூதன் ஒருமுறை வந்துபோனான்.

எனக்கு என்னவோ உறுத்தியது. போதகர் பார்த்த பார்வையை எனக்குத் தெரியும்; படிக்காமல் டிக் போட்ட அட்டையை நீட்டும்போது சிலர் பார்க்கும் பார்வை அது. அன்று கம்பெனிக்குச் சின்ன வேதப் புத்தகத்தை எடுத்துப்போனேன். தேநீர் இடைவேளையில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அந்தப் பக்கத்தைப் பிரித்தேன்.

தூதன் இல்லை. ஆட்டுக்கடா இல்லை. அந்தப் பெண் அப்பாவிடம் இரண்டு மாதம் கேட்கிறாள், தோழிகளோடு மலைகளில் திரிந்து அழுவதற்கு. அவன் போகச் சொல்கிறான். இரண்டு மாதம் கழித்து அவள் தானாகத் திரும்பி வருகிறாள். அவன் பொருத்தனைப்படி செய்கிறான். அவ்வளவுதான்.

இன்னொரு முறை படித்தேன். தூதன் தாமதமாக வருகிறானோ என்று அடுத்த அதிகாரத்தில் தேடினேன். அங்கே அதே தளபதியின் ஆட்கள் ஆற்றுத்துறையில் நாற்பத்திரண்டாயிரம் பேரை வெட்டிப் போடுகிறார்கள். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. அந்த மடையன் மேல், சும்மா இருந்த ஊர்க்காரர்கள் மேல், சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆண்டவர் மேலும். எங்கே போனீர் நீர்? அந்தப் பெண் ஏன் திரும்பி வந்தாள்? மலையோடு மலையாக ஓடியிருக்கலாமே! பதில் எங்காவது இருக்கும் என்று பின்னால் புரட்டினேன், முன்னால் புரட்டினேன். நான்கு வருடம் செத்துக்கிடந்த எழுத்துகள் என் சட்டையைப் பிடித்து உலுக்கின.

நிமிர்ந்தபோது மேற்பார்வையாளர் தாளோடு நின்றிருந்தார். "என்ன சார், ஆறு மணிக் கட்டம் காலியா இருக்கு?"

"பார்க்கல. அதனால போடல" என்றேன். பத்தொன்பது வருடத்தில் முதல் காலிக் கட்டம். அவர் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த நாள் எனக்கு வார விடுமுறை. பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. அழுதால் கண்ணுக்கு ஆகாது. நோயாளி நிம்மதியாக இருக்கிறாள். போதகரே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் அவள் என் குரலை நம்பித்தான் தரையைப் பார்த்துக் கிடந்தாள்.

"அந்தப் பொண்ணு பொழைக்கல" என்றேன்.

நான் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து, ஊர்ப்பெயர்கூட விடாமல் படித்தேன். பிறகு நான்கு வருடக் கதையையும் சொன்னேன். அட்டை, டிக், பரிசு, குழாயைத் திறந்துவிட்டு அழுதது, எல்லாம்.

"நீங்க சொன்ன கதைதான் நல்லா இருந்துச்சு" என்றாள். "இருந்தாலும் இருக்கிறதைப் படிங்க. எனக்குச் சக்கரை தடவ வேண்டாம்."

"கோபமா?"

"இல்லாம? நாலு வருஷம் பக்கத்துல படுத்திருந்தேன், ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே உங்களுக்கு." என் கையைத் தேடிப் பிடித்து நன்றாகக் கிள்ளினாள். வலித்தது, நியாயமான வலி. "சரி, படிங்க. அடுத்து என்ன?"

அடுத்த அதிகாரம் படித்தேன். ஆற்றுத்துறை வெட்டுக்குத்து வந்தது. பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

"ஏங்க, இவ்வளவு கஷ்டமான பேரெல்லாம் வருது, ஒரு இடத்துலகூடத் தடுமாறலையே. முன்னாடியே படிச்சாச்சா?"

நான் பக்கத்தின் ஓரத்தை மடித்தேன்.

"எவ்வளவு தூரம்?"

"அதுக்கப்புறம் ஒரு பலசாலி பொறக்கிறான். அவன் சிங்கத்தைக் கிழிக்கிற வரைக்கும். நேத்து பஸ்ல."

"என்னை விட்டுட்டா?" அவள் கிட்டத்தட்டத் தலையைத் தூக்கிவிட்டாள், நான் பதறிப்போய் அழுத்திப் பிடித்தேன். "நான் இங்க தரையில ஓடுற எறும்பை எண்ணிக்கிட்டுக் கிடக்கேன், நீங்க சிங்கம் வரைக்கும் போயிட்டீங்களா? நான் நிமிர்ற வரைக்கும் ஒரு வரி முன்னாடி போகக்கூடாது. புத்தகத்தை இங்க வைங்க."

வைத்தேன். அதன்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்துக்கொண்டாள்.

நான்கு வருடம் திறந்து கிடந்த புத்தகம் அது. யாரும் தடுக்கவில்லை. நான்தான் வேண்டாம் என்றிருந்தேன். இப்போது அந்தப் பலசாலி அடுத்து என்ன செய்கிறான் என்பதற்குமேல், மலையிலிருந்து திரும்பி வந்த பெண்ணைப் பற்றிப் பின்னால் யாராவது எங்காவது ஒரு வார்த்தை பேசுகிறார்களா என்று பார்த்தே ஆகவேண்டும்போல எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியான வெயில் ஜன்னலில் ஏறியது. அவள் மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து மெல்ல அவள் விரல் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன்.

"ம்" என்றாள்.

விரலை வைத்துவிட்டு, பசியோடு காத்திருந்தேன்.