இருநூற்றுப்பத்தரை

ரூனாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டி வரலாம் என்று ஊல்லா சொன்னது, என் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த வாரம். அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. டென்மார்க்கில், ஹேர்னிங்கில் எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து, நான் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தபின், வெறுங்கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ரூனா ஒரு கறுப்பு லப்ரடோர் பெட்டை. மூன்று வயது. வளர்த்தது நாங்கள், சொந்தக்காரி ஊல்லா. இங்கே நாய் இனம் பெருக்குகிறவர்களிடம் இப்படி ஓர் ஒழுங்கு உண்டு. நல்ல பெட்டைக் குட்டியை ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுப்பார்கள். ஊல்லாவின் ஒப்பந்தக் கடதாசியில் இருந்தபடி, ரூனா ஒரு வேட்டைப் பரீட்சையில் தேறி ஒருமுறை குட்டியும் போட்டால் எங்களுக்கே சொந்தம். அந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தவர் என் கணவர் குலேந்திரன். அவரும் ஊல்லாவும் ஒரே தளபாடத் தொழிற்சாலையில் இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர்கள்.

"ஓகஸ்ட் பரீட்சைக்கு அவர் பதிந்து வைத்திருக்கிறார்" என்றாள் ஊல்லா, டெனிஷில். "நீ அவளோடு போய்த் தேறினால் கடதாசியில் உன் பெயரை எழுதுகிறேன், மலர். தேறாவிட்டால் நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுக்கு வேலை வேண்டும். சும்மா கிடந்தால் பழுதாகிவிடுவாள்."

நான் சரி என்றேன். அதைச் சொல்லும்போதே, ரூனாவைக் கூப்பிட அவர் ஊதிய விசில் எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.

பரீட்சை என்பது கேட்பதற்குச் சுலபமானது. துவக்கு வெடிச் சத்தம் கேட்கும். ஏற்கெனவே செத்துக் குளிர்ந்த பறவை ஒன்றைத் தூரத்தில் ஒருவர் எறிவார். நாய் அசையாமல் இருக்கவேண்டும். போ என்றதும் போய், கவ்விக்கொண்டு வந்து, கூட்டி வந்தவரின் கையிலே கொடுக்கவேண்டும். நிலத்தில் போடக்கூடாது, நசிக்கக்கூடாது. முதலில் புல்வெளியில் ஒரு புறா, பிறகு பற்றைக்குள் ஒரு முயல், கடைசியில் தண்ணீரில் ஒரு காட்டுத் தாரா வாத்து. தூரத்தில் நிற்கும் நாயைக் கூப்பிட விசில்.

இதற்காக எங்கள் கராஜ் பிரீசரில் மேல்தட்டில் என்னுடைய முருங்கைக்காயும் கணவாயும், கீழ்த்தட்டில் டெனிஷ் பேப்பரில் சுற்றிய புறாக்களும் தாராக்களும் கிடந்தன. மச்சம் தொடாத வெள்ளிக்கிழமைகளில் நான் அந்தப் பிரீசரைத் திறப்பதில்லை. அவரோ சனிக்கிழமை காலையில் ஒரு தாராவை எடுத்து வாளியில் இளக வைத்துவிட்டு, அதே கையோடு வந்து தோசை கேட்பார்.

ரூனா கொண்டுவந்து நீட்டுவதை வாங்கும்போது ஊல்லா சொல்வது ஒரு டெனிஷ் 'நன்றி'. அவர் சொன்னது 'தாங்கோ'. நாய்க்கு.

"முப்பத்திரண்டு வருசத்தில எனக்கு ஒருநாள் 'தாங்கோ' எண்டு சொன்னனீங்களோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீர் ஒருநாளாவது எனக்குத் தாரா பிடிச்சுக்கொண்டு வந்து தந்தனீரோ?" என்றார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் பழக்கிவிட்டு வந்தார். கார் முற்றத்தில் நின்ற சத்தம் கேட்டது. காரின் பின்னால் கூட்டுக்குள் இருந்த ரூனா குலைக்கத் தொடங்கினாள். ஹ்விடோவ்ரேயில் இருக்கும் தமக்கையோடு போனில் கதைக்கிறார் என்று நினைத்தேன். அந்த மனிசி பிடித்தால் விடமாட்டா. இருபது நிமிடம் நான் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடமும் அவள் குலைத்தாள். போய்ப் பார்த்தபோது அவர் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தபடியே இருந்தார். விசில் கழுத்தில் தொங்கியது.

அம்புலன்ஸ் ஆட்கள் அதைக் கழற்றி என் கையில் தந்தார்கள். நான் என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டில் யார் அழுதாலும் யார் சமைத்தாலும் நாயை வெளியே கொண்டுபோகத்தான் வேண்டும். செத்தவீட்டு நாட்களில் அது என் வேலையாக இருந்தது. மூன்று முறை சுருக்கமாக ஊதினால் அவள் வருவாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்த நாட்களில் வந்தாள்.

செத்தவீட்டன்று கிரியை முடிந்து வாய்க்கரிசி போட்டு, பெட்டி மூடுகிற நேரம். அவருடைய தமக்கை, என் மச்சாள் கமலாதேவி, என் முதுகில் கை வைத்தா.

"தாலியைக் கழட்டி அவன்ர நெஞ்சில வை பிள்ளை."

நான் கழற்றினேன். அடக்க வேலைகளைப் பொறுப்பெடுத்த டெனிஷ்காரர், நல்ல மனிதர், மெல்லக் குனிந்து, உலோகம் எதுவும் வேண்டாம், எரியக்கூடியதென்றால் வைக்கலாம் என்றார். மகள் துவாரகா அதைத் தமிழில் சொன்னாள். மச்சாள் விடவில்லை.

"அதென்ன கதை? பெண்சாதி கழுத்தில கிடந்ததைக் குடுக்காமல் அவனை வெறுமனே அனுப்புறதோ? வேற என்ன கிடக்கு கழுத்தில?"

சேலைத் தலைப்புக்குள் கை விட்டேன். கறுப்புக் கயிற்றில் விசில் கிடந்தது. காலையில் நாயைக் கொண்டுபோனபோது போட்டது. டெனிஷ்காரர் பார்த்துவிட்டு, "அது பிளாஸ்டிக். பரவாயில்லை" என்றார். மச்சாளும் சரியென்று தலையாட்டினா. நான் அதை அவர் நெஞ்சில் வைத்தேன். எல்லாருக்கும் திருப்தி. தாலி இப்போது அலுமாரியில் இருக்கிறது.

விசிலுக்கு இலக்கம் உண்டென்பது எனக்கு அதன் பிறகுதான் தெரியும். சில்க்போர்க்கில் வேட்டைச் சாமான் விற்கும் கடையில் ஒரு விசில் வேண்டுமென்று கேட்டபோது, என்ன இலக்கம் என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒவ்வொரு சுருதியாம். எந்த இலக்கத்தில் பழகியதோ அதற்குத்தான் நாய் சரியாக வருமாம். விசில் தொலைந்தாலும் அதே இலக்கத்தில் இன்னொன்று வாங்கலாம், அதற்காகத்தான் இலக்கம் என்றார். தொலைந்துவிட்டதா என்று கேட்டார். ஓம் என்றேன். மூன்று இலக்கத்தில் மூன்று விசில் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள வயலில் ஒவ்வொன்றாக ஊதினேன். ரூனா புல்லை முகர்ந்துகொண்டு நின்றாள். ஒன்றுக்குக் காதை மட்டும் அசைத்தாள்.

எனவே தொண்டையால் பழக்கினேன். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடிந்து இரண்டரை மணிக்கு வருவேன். உடுப்பு மாற்றாமலே வயலுக்குப் போவோம். முதலாவது புறாவை வேலையிடத்துக் கையுறை போட்டுத்தான் தூக்கினேன். ரூனா அதை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனாள். இரண்டாவதையும் அப்படியே. ஊல்லாவிடம் கேட்டேன்.

"கையுறையைக் கழற்று" என்றாள். "அவளுக்கு ஆஸ்பத்திரி மணம் பிடிக்காது. எனக்கும்தான்."

வெறுங்கையால் தூக்கினேன். இளகிய தாரா, முழுகிவிட்டு ஈரம் துவட்டாத தலைபோல இருக்கும். வீட்டுக்கு வந்து மஞ்சள் போட்டுக் கை கழுவுவேன். யூலை முடியும்போது அறுபது மீற்றர்வரை என் குரலுக்கு வந்தாள். அதற்கப்பால் யூட்லாந்துக் காற்று என் குரலை விடாது.

துவாரகா ஓகூஸில் இருக்கிறாள். பழைய படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தவள் அவள்தான். அவருடைய அறுபதாவது பிறந்தநாள் படத்தில் விசில் கமராவைப் பார்த்துக்கொண்டு கிடந்ததாம். போன் எடுத்தாள்.

"அம்மா, இருநூற்றுப்பத்தரை. அரை எண்டு சின்னனா எழுதிக் கிடக்கு."

பிறகு டெனிஷில், "நீங்கள் இதைச் செய்துதான் ஆகவேண்டுமென்று இல்லை" என்றாள்.

"தெரியும் பிள்ளை. நீ ஓடர் பண்ணு."

பரீட்சை சனிக்கிழமை. விசில் வெள்ளிக்கிழமை பின்னேரம் தபாலில் வந்தது. நல்ல வெயில். ரூனா தோட்டத்தின் கடைசி வேலியோரம் கிடந்தாள். நான் கதவடியில் நின்று மூன்று முறை சுருக்கமாக ஊதினேன். அவள் எழும்பிய வேகத்தை நான் மே மாதத்துக்குப் பிறகு கண்டதில்லை. நேரே ஓடி வந்தாள். என்னைத் தாண்டினாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்குப் போய், காரின் ஓட்டுநர் கதவுக்கு முன்னால் குந்தி இருந்தாள். வால் நிலத்தை அடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சந்தோசம், அதனால் கொஞ்சம் கூட ஓடிவிட்டாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். விளங்காமல் அல்ல. விளங்கியதை வைத்துக்கொண்டு அடுத்தநாள் பரீட்சைக்குப் போகமுடியாது. இன்னொரு தரம் ஊதிப் பார்க்கவுமில்லை.

சில்க்போர்க்குக்கு வெளியே, ஏரிக்கரை வயல் ஒன்றில் பரீட்சை. முப்பது கார்வரை வரிசையாக நின்றன. பச்சைச் சட்டைக்காரர்கள், பிளாஸ்க்குகள், வெண்ணெய் பூசிய பாண். எனக்குப் பதினான்காம் இலக்கம். அங்கே சேலை கட்டித் தனியாகத் தெரிய நான் விரும்பவில்லை. அவருடைய பச்சைச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். அதன் கைகள் என் விரல் நுனிவரை மூடின. ஊல்லா வந்து இரண்டு கையையும் மடித்துவிட்டாள்.

"விசில் கிடைத்ததா?"

"கிடைத்தது."

"ஊதிப் பார்த்தாயா?"

"வந்தாள்" என்றேன்.

புறாவுக்கு விசில் தேவைப்படவில்லை. துவக்குச் சத்தத்துக்கு ரூனா அசையவில்லை, நான்தான் துள்ளினேன். போ என்றேன், போனாள், வந்தாள், தந்தாள். முயலுக்கு நெடுநேரம் எடுத்தது. பற்றைக்குள் மூன்று முறை சுற்றினாள். வெறும் வாயோடு வந்துவிடுவாள் என்று பயந்தபோது, காது இரண்டும் பக்கவாட்டில் தொங்க முயலோடு வெளியே வந்தாள். நடுவர் உயரமான வயதான மனிதர். அவர் எழுதும்போது தலையாட்டியதைக் கண்டேன். தூரத்தில் ஊல்லா பிளாஸ்க் மூடியை உயர்த்திக் காட்டினாள். அப்போது முதன்முதலாக நினைத்தேன், ரூனா என்னோடு நிற்கக்கூடும் என்று. காலையில் எழும்பும்போது வீட்டில் இன்னொரு மூச்சு இருக்கும் என்று.

தாராவைத் தண்ணீருக்குள் தூர எறிந்தார்கள். ரூனா நீந்திப் போய்க் கவ்வினாள். ஆனால் திரும்பி வராமல் எதிர்ப்பக்கமாக, நாணல் பக்கம் கரையேறினாள். நூறு மீற்றருக்கு மேல் இருக்கும். தாராவை வாயில் வைத்துக்கொண்டே நின்று இங்கேயும் அங்கேயும் பார்த்தாள். கூப்பிட்டேன். காற்று என் முகத்துக்கு அடித்தது. இரண்டாம் முறையும் கூப்பிட்டேன்.

"விசில் இருக்கிறதே" என்றார் நடுவர். அன்பாகத்தான் சொன்னார்.

ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் கரையைச் சுற்றித் தானாகவே வந்திருப்பாள் என்று ஊல்லா பிறகு சொன்னாள். உண்மையாகத்தான் இருக்கும். நான் ஊதினேன். மூன்று முறை, சுருக்கமாக.

அவள் கரையோரமாக ஓடிவந்தாள். தாராவின் கழுத்து அவள் வாய்க்கு வெளியே ஆடியது. நேரே என்னை நோக்கித்தான் வந்தாள். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் "அழகு" என்றார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். ஏரித் தண்ணீர் என் காற்சட்டையில் தெறித்தது. அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

முப்பது கார்களுக்குள் எங்கள் சாம்பல் நிறக் காரைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. நான் மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஓட்டுநர் கதவுக்கு முன்னால், பழக்கிய மாதிரி நிமிர்ந்து இருந்தாள். தாரா வாயில். கண் கதவின் கைபிடியில்.

அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டேன். கையை நீட்டி "தாங்கோ" என்றேன். என்னைப் பார்த்தாள், திரும்பவும் கதவைப் பார்த்தாள். பிறகு தாராவை என் கையில் வைத்தாள். ஓர் இறகுகூட நசியவில்லை.

நடுவர் பின்னால் நடந்து வந்திருந்தார். தாராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு மென்மையான வாயை நான் இந்த வருடம் பார்க்கவில்லை" என்றார். "ஆனால் ஒப்படைக்கிற இடம் இதுவல்ல." எழுதினார்.

ஊல்லா அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனாள். இழுத்தடிப்பது நாய்க்குக் கூடாது என்றாள். ரூனா ஊல்லாவின் காருக்குள் சிரமமில்லாமல் ஏறினாள், ஊல்லா வீட்டில்தானே பிறந்தவள். நான் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி நீட்டினேன். ஊல்லா அதை வாங்கவில்லை.

"வைத்துக்கொள், மலர். அவளுக்கு வேறு இலக்கம் பழக்கப் போகிறேன். இந்தச் சத்தத்துக்கு அவள் உன்னிடம் வரமாட்டாள். என்னிடமும் வரமாட்டாள்."

வீட்டுக்கு வரும் வழியில் மச்சாள் போன் எடுத்தா. "போனது நல்லதுக்கு எண்டு நினை. வீடு முழுக்க மயிர். இனியாவது பிரீசரில மனிசர் தின்னுற சாமான் வைக்கலாம்" என்றா. கடைசியில், "அழுறியோ?" என்று கேட்டா. கார் ஓடுகிறேன், பிறகு எடுக்கிறேன் என்றேன்.

கீழ்த்தட்டில் இன்னும் இரண்டு தாரா கிடக்கின்றன. எறிய மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளிலும் திறக்கிறேன் இப்போது.

ஒக்டோபரில் ஊல்லா ஒரு வீடியோ அனுப்பினாள். வேறோர் இடம், வேறொரு பரீட்சை. மழை. ரூனா தூரத்தில் ஒரு தாராவோடு நிற்கிறாள். விசில் கேட்கிறது. அது வேறு சத்தம். அவள் நேரே ஓடிவந்து ஊல்லாவின் கையில் கொடுக்கிறாள். பின்னால் கார்கள் வரிசையாக நிற்கின்றன. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு காரையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.