அரைவெட்டு மரம்

"சாரல் இறங்கட்டும் அண்ணாச்சி. பொறவு ஒரே நாள்ல சாய்ச்சுத் தாரேன்" என்று மரம் வெட்டும் மொக்கைச்சாமி மூன்று முறை சொல்லிவிட்டார்.

தேவஇரக்கம் மூன்று முறையும் தலையை மட்டும் ஆட்டினார். ஞானபுரம் கிறிஸ்தவக் கோயிலின் அசனக் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர். ஜூன் மாதத்து இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊரே ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துதான் அசனம். அறுநூறு பேருக்கு விறகடுப்பில் சமையல். விறகுக்காகக் கோயில் வளாகத்தின் மூலையில் நின்ற வாகை மரத்தை வெட்டுவதென்று முடிவாகியிருந்தது. பச்சை மரத்தைப் பிளந்து பதினைந்து நாளாவது காயப்போட வேண்டும். மலையிலிருந்து சாரல் இறங்கிவிட்டால் விறகு நனைந்துபோகும், அடுப்பு புகையும். காயவைக்க இந்த வெயில் வேண்டும். வெட்டுகிறவருக்கோ இந்த வெயில்தான் ஆகாது.

"கத்திரி வெயில்லா? போன வாரம் தேவதானத்துல வயக்காட்டுல ஒருத்தரு விழுந்துட்டாரு" என்றார் மொக்கைச்சாமி.

"சரி விடு. ராஜபாளையத்துல சதீஷ்னு மெஷின்காரன் ஒருத்தன் இருக்கான். அவனைக் கூப்பிட்டுக்கிடுதேன். உனக்கும் வயசாயிருச்சுல்லா?"

மொக்கைச்சாமியின் மனைவி வெள்ளத்தாய்க்கு இது பொறுக்கவில்லை. கணவன் மரத்தின் ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் நின்று ரம்பம் இழுப்பவள் அவள்தான். "நீங்க வந்து ரம்பத்தோட மறுபிடியைப் பிடிங்களேன் அண்ணாச்சி. யாருக்கு வயசாயிருச்சுன்னு பாத்துருவோம்" என்றாள்.

மொக்கைச்சாமி சிரித்துவிட்டார். ஆனால் வயசாயிருச்சு என்ற பேச்சு அவரைத் தைத்திருந்தது. "வெள்ளிக்கிழம வாரேன். விடிய ஆரம்பிச்சா ஒம்போது மணிக்குள்ள சாய்ச்சுருவேன். அதுக்கு மேல நிக்க மாட்டேன்" என்றார்.

சொன்னபடியே வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குக் கணவனும் மனைவியும் வந்துவிட்டார்கள். காற்றில் கொஞ்சம் குளிர்ச்சி மிச்சமிருந்தது. மொக்கைச்சாமி மரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தார். மரத்தின் பாரமெல்லாம் வேலியைத் தாண்டி, கண்மாய்க்குப் போகும் பாதையின் மேல் சாய்ந்திருந்தது. வளாகத்துக்குள் இழுத்துச் சாய்க்க, உச்சிக்கிளையில் வடம் கட்டி எதிரே இருந்த புளியமரத்தில் முறுக்கிக் கட்டினார். கோடாலியைக் கையில் எடுத்தபோது தேவஇரக்கம் வந்து சேர்ந்தார்.

"செத்த பொறு. போதகர் ஐயா வந்து ஒரு ஜெபம் பண்ணட்டும்."

"வந்துருவாகளா?"

"கிளம்பிட்டாக."

இது உண்மையல்ல. போதகருக்குத் தேவஇரக்கம் தகவல் சொன்னதே அன்று காலையில்தான். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நோயாளியின் பக்கத்தில் இருந்தார். "நான் வர நேரமாகும், நீங்களே ஜெபித்துத் தொடங்குங்கள்" என்று போனில் சொல்லியும் விட்டார். அசன அழைப்பிதழில் போடுவதற்கு, போதகரும் கமிட்டியும் மரத்தடியில் நிற்கும் படம் ஒன்று வேண்டுமென்று தேவஇரக்கத்துக்கு ஆசை. "எம்புட்டு நேரமானாலும் சரி, வாங்கய்யா" என்று அவர்தான் வற்புறுத்தியிருந்தார்.

ஆறு மணி ஏழானது, ஏழு எட்டானது. கணவனும் மனைவியும் மர நிழலில் குத்தவைத்துக் காத்திருந்தார்கள். நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒன்பதரைக்குப் போதகர் வந்தார். சூரியனைப் பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் ஜெபித்து முடித்தார். படம் எடுத்தார்கள், வந்திருந்த கமிட்டிக்காரர்கள் கலைந்துபோனார்கள். "வெயில் ஏறிட்டு, பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போதகர் மறுபடி நோயாளியிடமே போனார்.

"நாளைக்கு விடிய பாப்பமா அண்ணாச்சி?" என்றார் மொக்கைச்சாமி.

"ஏலே, ஜெபம் பண்ணிட்டு மரத்தைத் தொடாமப் போனா நல்லாருக்குமா? சாய்ச்சு மட்டும் போட்டுரு. பிளக்கதைப் பொறவு பாத்துக்கிடலாம்."

மொக்கைச்சாமி கோடாலியை எடுத்தார். மரம் விழவேண்டிய வளாகத்துப் பக்கம் அடிமரத்தில் வாய்போல ஒரு பள்ளம் வெட்டினார். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து இருவரும் ரம்பம் இழுத்தார்கள். அடிமரம் பாதி அறுபட்டபோது மணி பதினொன்று. அப்போது மரம் லேசாகப் பாதைப் பக்கம் உட்கார்ந்து ரம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஆப்பு அடித்து ரம்பத்தை எடுக்கவே அரை மணி நேரம் போயிற்று.

மோர் கொண்டுவந்த தேவஇரக்கம், "செத்த உக்காந்துட்டுப் பொறவு வெட்டேன்" என்றார். இப்போது அவருக்கே மனசு கேட்கவில்லை.

"அரைவெட்டுல மரம் நிக்கையில உக்காரப்படாது அண்ணாச்சி. ஒரு காத்து அடிச்சா அது பாட்டுக்குப் போயிரும். கீழ யாரு போறான்னு அது பாக்குமா?"

பன்னிரண்டே கால் மணிக்கு மொக்கைச்சாமி ரம்பத்தை விட்டார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. சற்று முன்புவரை ஒழுகிக்கொண்டிருந்த வேர்வையைக் காணோம். முதுகு வறண்டு உப்புப் பூத்திருந்தது.

"இப்பம் குளுந்துட்டு" என்றார். "சாரல் வந்துட்டுல்லா அண்ணாச்சி? மேலெல்லாம் குளுருது."

இலை அசையவில்லை. வெள்ளத்தாய் எட்டி அவர் கழுத்தைத் தொட்டவள், அடுப்பைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்து, "அக்கா, தண்ணி எடுக்கப் போகலையா?" என்றார். அவருடைய அக்கா இறந்து பத்து வருடமாகிறது. அடுத்த நொடி முழங்கால் மடிந்து விழுந்தார்.

இருவரும் அவரைக் கோயில் வராந்தாவுக்குத் தூக்கினார்கள். தேவஇரக்கம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்.  108-க்குப் பேசினார். வண்டி வர அரை மணி நேரமாகும் என்றார்கள். வெள்ளத்தாய் அழவில்லை. கணவனின் கன்னத்தைத் தட்டித் தட்டி, "ஏங்க, இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். 

அப்போது கண்மாய்ப் பாதை மெயின் ரோட்டில் சேரும் விலக்கில் ஒரு கல்லூரிப் பேருந்து நின்றது. கிருஷ்ணன்கோவிலில் தேர்வு முடிந்து பிள்ளைகளை ராஜபாளையத்துக்குக் கொண்டுபோகும் வண்டி. ஞானபுரத்துப் பெண் எலினா இறங்கிக்கொண்டிருந்தாள். தேவஇரக்கம் துண்டைச் சுழற்றிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினார்.

"தம்பி! ஒரு உசுரு போகுது! வண்டியை விட்டுராத!"

ஓட்டுநர் பாண்டிச்செல்வம் ஒரு கணம் யோசித்தார். வழியில் வேறு ஆளை ஏற்றினால் வேலைக்கே ஆபத்து. பிறகு கண்ணாடியைப் பார்த்து, "எல்லாரும் நல்லாப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லி, அந்த நீள வண்டியைப் பின்பக்கமாகவே, மரத்துக்கு முன்பே இருந்த கோயில் வாசல்வரை கொண்டுவந்தார்.

நான்கு மாணவர்கள் மொக்கைச்சாமியைத் தூக்கிப் பேருந்துக்குள் இருக்கைகளுக்கு நடுவே கிடத்தினார்கள். "தலையில மட்டும் ஊத்தாதீங்க. கழுத்து, அக்குள், தொடை எல்லா இடத்துலயும் ஈரத்துணி வைங்க. வாய்ல ஊத்தாதீங்க, புரையேறிரும்" என்று சொல்லிக்கொண்டே எலினாவும் திரும்ப ஏறினாள். கல்லூரியில் நடந்த முதலுதவி முகாமில் கற்றுக்கொண்டது. வண்டி முழுவதும் கைகள் நீண்டன. ஒவ்வொரு கையிலும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துப்பட்டா. வியர்வையில் கசங்கி, வீடு போய்ச் சேர வேண்டிய பிள்ளைகள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

தேவஇரக்கம் படியில் கால் வைத்தார். மேலே நின்ற வெள்ளத்தாய் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க வரவேண்டாம். மரம் அரைவெட்டுல நிக்கி. அதை விட்டுட்டு எங்கயும் போயிராதீய."

வண்டி போய்விட்டது.

தேவஇரக்கம் சதீஷைப் போனில் பிடித்தார். நான்கு மணிக்குத்தான் வர முடியும் என்றான். அதுவரை மரத்தைத் தொட வேண்டாம், கீழே ஒருவரையும் விட வேண்டாம் என்றான். அவர் கருவேல முள்ளை இழுத்துவந்து மரத்துக்கு இருபுறமும் பாதையை மறித்துப் போட்டார். முதலில் வந்த மோட்டார் சைக்கிள்காரன் முள்ளை ஒதுக்கிவிட்டு வரப் பார்த்தான். முள் போதாது, ஆள் நிற்க வேண்டும் என்று புரிந்தது. மரம் விழுந்தால் எட்டாத தூரத்தில், பாதையில் எங்கும் நிழல் கிடையாது. வெயிலில்தான் நிற்க வேண்டும். தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

நின்ற பிறகுதான் காலையின் மூன்றரை மணி நேரம் கண்முன் வந்தது. கடவுள் அவரிடம் படம் கேட்கவில்லை. ஒரு கூலிக்காரரின் குளிர்ந்த நேரத்தைப் பறித்துத் தமக்குக் காணிக்கையாக வை என்றும் கேட்கவில்லை. ஜெபிக்க வாய் திறந்தால், "காப்பாத்தும்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை.

ஒன்றரை மணிக்கு எலினா பேசினாள். "பெரியப்பா, பெரியாஸ்பத்திரியில சேத்தாச்சு. சூடு நூத்தியாறு இருந்துச்சாம். ஐஸ் வச்சிருக்காங்க. இன்னும் கண்ணு முழிக்கல."

இரண்டு மணிக்கு முனீஸ்வரி ஆடுகளோடு கண்மாய்ப் பக்கமிருந்து வந்தாள். வாய்க்கு அஞ்சாத பெண்.

"என்ன அண்ணாச்சி, ஜெபம் பண்ணியும் மரம் விழலையா?"

தேவஇரக்கம் நடந்ததைச் சொன்னார். பொய்யையும் சேர்த்தே சொன்னார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. முனீஸ்வரி சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். ஆடுகளைக் கோயில் வளாகத்தின் தூரத்து வேப்பமரத்தில் கட்டினாள். தூக்குவாளியில் மிச்சமிருந்த கம்பங்கூழை அவரிடம் நீட்டினாள்.

"குடிங்க. நீங்களும் விழுந்தா யாரு தூக்க? அந்தப் பக்கம் நான் நிக்கேன்."

அவளும் வெயிலில்தான் நின்றாள்.

மூன்றரைக்கு நூறு நாள் வேலை முடிந்து முப்பது பெண்கள் கண்மாயிலிருந்து வந்தார்கள். முனீஸ்வரி இரண்டு கைகளையும் விரித்து மறித்தாள்.

"ஏட்டி முனீசு, வழிய விடு! காலையில இருந்து வெயில்ல வெந்து வாரோம்."

"சுத்திப் போங்க."

"சுத்துனா ஒரு மைலு. மரம் நல்லாத்தான நிக்கி?"

"செத்த நேரம் பொறுங்கம்மா!" என்று தேவஇரக்கம் மறுபக்கத்திலிருந்து கத்தினார். தொண்டை கிழிந்தது. "மெஷின்காரன் வாரான்! கால்ல விழுதேன், பொறுங்க!"

"கமிட்டிக்காரரு கால்ல விழுதாராம், பாருங்கடி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் இரண்டு பேர் பொறுமையில்லாமல் முனீஸ்வரியைத் தள்ளிக்கொண்டு முள்ளைத் தாண்டினார்கள். முனீஸ்வரி ஒருத்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மற்றவள் நடந்துகொண்டே இருந்தாள்.

அப்போது செண்பகத்தோப்புப் பக்கமிருந்து காற்று வந்தது. ஒரு மாதமாக ஊரே ஏங்கிக் கிடந்த குளிர்ந்த மலைக்காற்று. பெண்கள் "ஆ" என்று முகத்தை உயர்த்தினார்கள். தேவஇரக்கத்துக்கு மட்டும் உடம்பெல்லாம் பதறியது. மரத்தின் அடியில் ஒரு முறுக்கல் சத்தம் கேட்டது.

"நில்லு தாயி! நில்லு!"

அவருடைய குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை நிறுத்தியது. வடம் படீரென்று அறுந்தது. மரம் அவசரமில்லாமல் திரும்பி, வேலியை நொறுக்கிக்கொண்டு பாதை முழுவதையும் அடைத்து விழுந்தது. புழுதி அடங்கியபோது கடைசிக் கொப்புக்கு நான்கடி தள்ளி அந்தப் பெண் மண்வெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சிரிக்க ஆளில்லை.

தேவஇரக்கம் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை மணி. வழியிலேயே கமிட்டித் தலைவரிடம் பேசி, அசனத்தை ஆடி முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தாயிற்றே என்றார் தலைவர். "கிழிச்சுப் போட்டுருங்க" என்றார் தேவஇரக்கம்.

மொக்கைச்சாமி கண் விழித்திருந்தார். இரண்டு கைகளிலும் குளுக்கோஸ் ஊசி. உதடுகள் வெடித்திருந்தன. ஆபத்து தாண்டியது என்று நர்ஸ் சொன்னாலும், இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். தேவஇரக்கத்தைக் கண்டதும் மொக்கைச்சாமியின் கண்கள் கேள்வியோடு அசைந்தன.

"மரம் எங்கிட்டு விழுந்துச்சு?"

"பாதையில."

"ஆளு?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல."

மொக்கைச்சாமி நீளமாக மூச்சை விட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

தேவஇரக்கம் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்தாயைப் பார்த்தார். "போதகர் ஐயா காலையிலயே சொல்லிட்டாக, என்னைய ஜெபிச்சு ஆரம்பிக்கச் சொல்லி. நான்தான் கிளம்பிட்டாகன்னு பொய் சொன்னேன். ஒரு போட்டோவுக்காக. ஆறு மணிக்கே ஆரம்பிச்சிருந்தா..."

 வெள்ளத்தாய் அவரைப் பார்த்தாள்.  கணவனுக்கு வீசிக்கொண்டிருந்த பழைய அட்டைத்துண்டை அவரிடம் நீட்டினாள்.

"மதியத்துல இருந்து வீசுதேன். கை ஓஞ்சுபோச்சு. செத்த நேரம் வீசுங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வீச ஆரம்பித்தார். வெள்ளத்தாய் சுவரில் சாய்ந்தாள். சற்று நேரத்தில் அப்படியே தூங்கிப்போனாள்.