இரண்டு மெஷினும் காலி

"மாமா அனுப்பினது எல்லாத்தையும் பேப்பர்ல எடுத்துக் குடுடா. அந்தக் கடைசி ஒண்ணையும் சேத்து" என்று அக்கா கேட்டாள். கேட்கவே அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

தொண்டையில் ஆபரேஷன் செய்தபின் மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, குரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அக்காவோடு பேச நான்தான் எழுதி அனுப்பிக்கொள்கிற ஒரு சின்ன இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். ஊரே பயன்படுத்தும் எதையாவது போனில் போட்டுக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். ஆனால் நான் சர்வர் அமைத்துப் பிழைக்கிறவன், அந்தத் திமிர் விடுமா? வீட்டு அலமாரியில் இரண்டு பழைய மெஷின்களை அடுக்கி, எல்லாவற்றையும் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் டேட்டாபேஸை ஓட்டினேன். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். "அவர் 'தலையணை'ன்னு அடிச்சு முடிக்கறதுக்குள்ள நான் எடுத்துக்கிட்டு நிப்பேன்" என்று அக்கா சிரிப்பாள். நான்கு மாதம் அவர்கள் அதில்தான் குடும்பம் நடத்தினார்கள், சண்டை உட்பட.

இரண்டாவது ஆபரேஷனுக்குக் கொண்டுபோன காலையில் மாமா ஒன்று அனுப்பினார். அக்கா அப்போது பஸ் நெரிசலில் நின்றிருந்தாள். இறங்கிப் படிக்கலாம் என்று விட்டாள். அவள் போய்ச் சேர்ந்து காத்திருந்தபோது மருத்துவர் வெளியே வந்து கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவளால் அதைத் திறக்க முடியவில்லை. "படிச்சிட்டா, அப்புறம் அவர் சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காதுடா" என்றாள். போனில் 'படிக்காதது 1' என்று மட்டும் தெரியும். தொட்டால்தான் செய்தி சர்வரிலிருந்து வரும்.

எடுத்துக் கொடுப்பது பத்து நிமிட வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். பார்த்தால், மெமரிக்கு நான் வைத்திருந்த அளவு நிரம்பும் நிலையில் இருந்தது. நிரம்பினால் பழையதை அழித்துவிட்டுப் புதியதற்கு இடம் கொடு என்றும் அமைத்து வைத்திருந்தேன். எடுக்கிற நேரத்தில் எதுவும் அழியக்கூடாதே என்று அளவைக் கூட்டி எழுதி, அது நடைமுறைக்கு வர முதல் மெஷினில் சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினேன்.

மெமரியில் இருப்பது, சர்வர் நின்றால் போய்விடும். அதனால்தான் அவ்வப்போது டிஸ்க்கில் எழுதச் சொல்லி வைப்பார்கள். அதை நான் நிறுத்தி வைத்திருந்தேன். எழுதும்போது அரை நொடி தடுமாறும், பேச முடியாத மனுஷனை அதுவேறு காக்க வைக்கவேண்டாம் என்று நினைத்தேன். அதுதான் இரண்டாவது மெஷினில் இன்னொரு பிரதி இருக்கிறதே!

முதல் மெஷின் எழுந்தது, காலியாக. இரண்டாவதற்கு நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று, முதலாவதில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வைத்துக்கொள்வது. அதுவும் தன்னிடம் இருந்ததையெல்லாம் வீசிவிட்டுக் காலியானது. ஒரு நொடிகூட ஆகவில்லை. இதே தப்பைச் செய்த ஒருவனை ஆபீஸில் எல்லார் முன்னாலும் கிழிகிழியென்று கிழித்திருக்கிறேன். சாயங்காலம் வரை இரண்டு டிஸ்க்கையும் துழாவினேன். ஒரு எழுத்துகூடக் கிடைக்கவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அக்கா கதவைத் திறந்ததும் என் கையைத்தான் பார்த்தாள்.

"பேப்பர் எங்கடா?"

சொன்னேன். மெஷின் கதையெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை. 'போச்சு' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. திட்டுவாள் என்று நின்றேன், திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, மத்ததெல்லாம் போகட்டும். அந்தக் கடைசி ஒண்ணை மட்டும் சொல்லு. நீ செஞ்சதுதானே, நீ படிச்சிருப்ப இல்ல?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. 'பயப்படாதே' என்று எழுதியிருந்தார் என்றால் போதும். ஆனால் இருபது வருஷம் அவரோடு வாழ்ந்தவளிடம் அவர் சொல்லாத வார்த்தையை எப்படி அவர் பெயரில் கொடுப்பது?

"இல்லக்கா. உங்க ரெண்டு பேருக்குள்ள பேசிக்கிட்டது. நான் தொறந்தே பாக்கல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லக்கா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் உதடு கோணியது.

"படிச்சிருக்கலாமேடா" என்றாள்.