இருநூற்றுப் பதின்மூன்று படிகள்

சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நாட்டறிவுத் துறையின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு நிரந்தரப் பணியிடம் அறிவை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு நிரப்பப்படவிருக்கிறது. இத்தனை நாள் எதை வைத்து நிரப்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வினாடி வினாப் போட்டி, வெள்ளிக்கிழமை, கூட்ட அறையில். தற்காலிக ஊழியர்கள் மூன்று பேரும் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசித்தார்கள்.

மூவரில் மூத்தவரைக் கேள்விக்காரர் என்று கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகத் தற்காலிகம். நாட்டின் மலை, ஆறு, மன்னர், பாட்டு என எதையாவது பிடித்துத் தினமும் நாற்பது வினாடி வினாக் கேள்விகளை விடையோடு எழுதித் துறையின் இணையப் பக்கத்தில் ஏற்றுவது அவர் வேலை. அடுத்த மாதம் நாற்பத்தைந்து வயது முடிகிறது. அதற்கு மேல் நிரந்தரமாக்க விதியில் இடமில்லை. இதுதான் கடைசி வண்டி.

"கேள்வியெல்லாம் எங்கேருந்து எடுப்பாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"நான் எழுதினதுலேருந்துதான்."

"கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க. இதுலயும் தோத்துட்டு வந்தீங்கன்னா உங்களைக் காட்சிக்குத்தான் வைக்கணும்."

கேள்விக்காரர் சிரித்தார். ஆனால் அந்தப் பதில்கள் எல்லாமே சரியில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நாற்பதில் முப்பத்தாறை அவர் தேடிப் பிடித்துச் சரிபார்த்துத்தான் எழுதுவார். ஐந்தரை மணிப் பேருந்து நெருங்கும்போது மிச்சம் நாலு நிற்கும். அந்த நாலுக்கு ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுவிட்டு ஓடுவார். எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை, அதுவும் ஒற்றைப்படை எண் என்றால் கேட்கவே வேண்டாம். தெற்குத் துறைமுகத்துக் கலங்கரை விளக்கத்துக்கு இருநூற்றுப் பதின்மூன்று படிகள் கிடைத்தது அப்படி ஒரு மாலையில்தான்.

மனசு உறுத்தி, ஒரு விடுமுறை நாளில் மனைவியோடு போய் ஏறி எண்ணினார். நூற்றெண்பத்தெட்டு. மனைவி இறங்கும்போது எண்ணினாள். அதே நூற்றெண்பத்தெட்டு. வெளியே வந்தால் வாசலில் பளபளவென்று புதுப் பலகை: '213 படிகள். இதய நோயாளிகள் தவிர்க்கவும்.' திருத்தப் படிவத்தை வாங்கி வைத்தார். நிரப்பவில்லை. தற்காலிக ஊழியர் தப்பை ஒப்புக்கொண்டால் வரும் விளைவு தற்காலிகமாக இருக்காது.

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்றாமவரான ஓட்டுநர், மைக்கைப் பார்த்த மிரட்சியில், தலைநகரில் உட்கார்ந்துகொண்டே தலைநகரத்தின் பெயரை மறந்து முதல் சுற்றில் வெளியேறினார். மிஞ்சியது வரவேற்பு மேஜைப் பெண். தொலைபேசி மணிகளுக்கு நடுவே இணையப் பக்கம் மொத்தத்தையும் உருப்போட்டிருந்தாள். ஆளுக்குப் பத்தொன்பது புள்ளி என்று வந்து நின்றது.

கடைசிக் கேள்வியைக் கேட்க, நடுவராக வந்திருந்த புவியியல் பேராசிரியர் எழுந்தார். நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் காலால் அளந்தவர் என்று வரவேற்புரையில் சொல்லியிருந்தார்கள்.

"தெற்குத் துறைமுகக் கலங்கரை விளக்கத்துல எத்தனை படி?"

கேள்விக்காரரின் கை முந்திக்கொண்டு மணியை அடித்துவிட்டது. வாய்தான் திறக்கவில்லை. எழுதி வைத்த விடை தெரியும். ஆனால் காலால் அளந்த மனிதர் முன்னால் அதைச் சொல்வதா? மனிதர் சிரித்துவிட்டால், எழுதியது யார் என்று கேள்வி வராதா?

"நூத்தி எண்பத்தெட்டு."

"தப்பு," என்றார் பேராசிரியர்.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, "இருநூத்திப் பதிமூணு," என்றாள்.

"ரொம்பச் சரி. என் புத்தகத்துலயே இருக்கு."

"ஐயா, நீங்க அதுல ஏறியிருக்கீங்களா?" என்றார் கேள்விக்காரர்.

"எனக்கு முட்டி வலிங்க. உங்க துறைப் பக்கத்துலேருந்து எடுத்ததுதான். அரசாங்கத் தகவல் தப்பா இருக்குமா?"

"நான்தாங்க அதை எழுதினேன். குத்துமதிப்பா."

துறை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "குத்துமதிப்பா எழுதினீங்கன்னா உங்க மேல விசாரணை வைக்கணும். ஒழுங்கா எழுதினீங்கன்னா இப்போ சொன்ன பதில் தப்பு. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க. குறிப்புல ஏத்தணும்."

கேள்விக்காரர் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார்.

"பதில் தப்பு சார்."

கை தட்டினார்கள். சான்றிதழோடு இறங்கி வந்த பெண் அவர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டாள்: "அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"எண்ணிப் பார்த்தேன்மா."

"எதுக்குண்ணே அதெல்லாம்," என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

மாடிப்படி வளைவில் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"கலங்கரை விளக்கம் வந்துச்சு."

"எத்தனைன்னு சொன்னீங்க?"

"நூத்தி எண்பத்தெட்டு."

"சரியாத்தானே சொல்லியிருக்கீங்க," என்றாள் மனைவி.

அந்தப் பணியிடத்தை நிதித் துறை நாலு மாதத்துக்கு முன்பே ரத்து செய்திருந்தது.