பிறக்காத முப்பத்துமூன்று பேர்

ஜீப் டிரைவர் ஒச்சப்பன் பெயர் அச்சில் வந்திருந்தது. ஆனந்தமேரி பெயர் வரவில்லை.

டாக்டர் வேதரத்தினம் எழுதி இங்கிலீஷ் சஞ்சிகையில் வந்த கட்டுரை அது. கடைசிப் பக்கத்தில், மேடு பள்ளம் பார்க்காமல் ஜீப் ஓட்டிய ஒச்சப்பனுக்கு நன்றி என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஆனந்தமேரி மூன்று தரம் புரட்டிப் பார்த்தாள்.

"அக்கா, எம்பேரெல்லாம் போட்ருக்காகளாமே, மெய்யாவா?" ஒச்சப்பன் வாயெல்லாம் பல்லாக நின்றான். அவன் என்ன செய்வான், பாவம்!

"ஆமாப்பு, நல்லாத்தான் போட்ருக்காக" என்றாள்.

திண்டுக்கல் சுற்றுப்பட்டிகளில் கைக்குழந்தைகள் எத்தனை சாகின்றன என்று கணக்கெடுக்க ஐம்பத்தெட்டில் மதராஸிலிருந்து வந்தவர் டாக்டர். எந்தத் தாய் வாயைத் திறந்தாள்? மடியில் ஒன்று உயிரோடு கிடக்கும்போது போனதைப் பற்றிப் பேசலாமா? "அப்படி ஒண்ணுமில்ல தாயி" என்று கதவைச் சாத்தினார்கள். மூன்று மாதம் டாக்டர் வெறுங்காகிதத்தை வைத்துக்கொண்டு விழித்தார். அவருக்கு வழி சொன்னவள் ஹெல்த் விசிட்டர் ஆனந்தமேரி. வத்தலக்குண்டு ரோட்டில் ஜீப் குலுங்கிக்கொண்டு போகையில் சொன்னாள்.

"சார், புள்ள தங்காத வீட்ல அடுத்த புள்ளைக்குப் பிச்சை, குப்பைன்னு பேரு வைப்பாக. எமன் வேணாம்னு விட்டுட்டுப் போகட்டும்னு. அந்தப் பேரு இருக்க வீடாப் பாத்து, அடுப்படியில செத்த நேரம் உக்காந்து கேட்டா சொல்லிருவாக."

அவளே போய் உட்கார்ந்தாள். நாற்பது ஊர், ஒன்றரை வருஷம். ஒவ்வொருத்தியும் அழுது முடிக்கும்வரை கூடவே இருந்து வாங்கிய கணக்கு அது. கட்டுரையில் அதற்கு 'வேதரத்தினம் முறை' என்று பெயர்! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

கல்கத்தாக்காரர்கள் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள், லண்டன்காரர்கள் காட்டினார்கள். யார் யார் காட்டினார்கள் என்று டாக்டர் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் துண்டுக் காகிதங்களை ஒட்டுகிற வேலை யாருக்கு? ஆனந்தமேரிக்கு! பசை தடவும்போதெல்லாம் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. 'மாதாவே, இந்த ஆளு என் கண்ணு முன்னால சறுக்கி விழணும்' என்று பூசையில் முழங்காலிட்டே வேண்டிக்கொண்டாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதை மட்டும் சொல்லவில்லை.

அறுபத்துமூன்றில் மாதா கண் திறந்தாள்.

"இனிமே வீடு வீடா அலைய வேண்டாம்" என்றார் டாக்டர். "பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல பேரைப் பார்த்தே கணக்குப் போட்டுடலாம். செங்குளத்துப்பட்டியில ஆரம்பி."

ஆனந்தமேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. செங்குளத்துப்பட்டிக்குக் குலசாமி பிச்சையாண்டி. அங்கே வீட்டுக்கு வீடு தலைச்சன் பையனுக்குச் சாமி பெயரைத்தான் வைப்பார்கள். சாவுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது.

"சார், அந்த ஊர்ல பேரு வைக்கிற வழக்கம்..."

"லிஸ்டை எடும்மா. யோசிக்கிறது என் வேலை."

"சரி சார்" என்றாள். அவள் ஆயுசில் அவ்வளவு இனிப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

பட்டியலை நாணயமாகத்தான் எடுத்தாள். ஒரு பெயர் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முப்பத்தெட்டுப் பிச்சைகள். முப்பத்தெட்டு வீட்டிலும் பிள்ளைச் சாவு, ஜில்லாவிலேயே மோசமான ஊர் இதுதான் என்று டாக்டர் அச்சில் எழுதினார்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் பூசை முடிந்த கையோடு ஆனந்தமேரி செங்குளத்துப்பட்டிக்குப் பஸ் ஏறினாள். முப்பத்தெட்டு வீட்டு அடுப்படியிலும் உட்கார்ந்தாள். ஐந்து வீட்டில் முன்னால் ஒரு பிள்ளை போயிருந்தது. மற்ற முப்பத்துமூன்று வீட்டில் அந்தப் பையன்தான் முதல் பிரசவம். வீடுவாரியாக எல்லாவற்றையும் எழுதி, இந்த முறையை முதலில் சொன்னது யார், என்றைக்கு என்று தன் டைரியிலிருந்து தேதியும் போட்டாள். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் பாஸ்கல் அதை இங்கிலீஷில் திருத்திக் கொடுத்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் பேனா நின்றுவிட்டது. 'டாக்டர் வேதரத்தினம் இந்த ஊரில் முப்பத்துமூன்று குழந்தைகளைக் கொன்றிருக்கிறார். அவை பிறக்கவே இல்லை' என்பது அந்த வரி.

"என்னம்மா, இம்புட்டுக் காரமா இருக்கு?"

"இருக்கட்டும் சார். ஒரு எழுத்தக் கொறைக்காதீக."

சஞ்சிகைக்காரர்கள் விசாரித்து, ஆசிரியருக்குக் கடிதம் என்று அவள் பெயரோடு அப்படியே போட்டார்கள். அடுத்த மாதமே அவளைச் சின்னாளப்பட்டிப் பிரசவ விடுதிக்கு மாற்றினார்கள். போனாள். மாற்றலுக்கெல்லாம் அவள் அசருகிற ஆளா?

படித்தவர்கள் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டுரையை எடுத்துச் சொன்னால் அதற்கு வந்த மறுப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டாக்டரின் செங்குளத்துப்பட்டிக் கட்டுரையை உலகம் மறந்து தொலைத்திருந்தாலாவது அவர் பிழைத்திருப்பார். மறக்கவில்லையே! வீட்டுக்குள் போகாமல் கணக்கெடுத்தால் என்ன கதி என்பதற்கு எல்லோரும் அதையே காட்டினார்கள். முந்தின கட்டுரையைப் பன்னிரண்டு பேர் காட்டியது போய், இது இரண்டே வருஷத்தில் நாற்பதைத் தாண்டியது. டாக்டர் நோட்டை மூடிவிட்டார். பாஸ்கல் வாத்தியார் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஆனந்தமேரிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

அறுபத்தாறில் டாக்டரே சின்னாளப்பட்டிக்கு வந்து நின்றார். புரொபசர் வேலைக்கு மனுப் போட்டிருந்தார். நேர்முகத்தில் அந்த முப்பத்துமூன்றைப் பற்றித்தான் முதலில் கேட்டார்களாம். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே என்னைப் பள்ளத்துல எறக்கிட்டியேம்மா."

"ஆமா சார். தெரிஞ்சுதான் எறக்குனேன்."

டாக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "போனது போகட்டும். அந்தக் கடிதத்தை மட்டும் வாபஸ் வாங்கிடு. அடுத்த கட்டுரையில என் பேருக்குப் பக்கத்துலயே உன் பேரையும் போடறேன். சத்தியமா."

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் அவர் காலுக்குச் செருப்பாய்க் கிடந்திருப்பாள். இப்போது சிரிப்புத்தான் வந்தது. அடக்காமல் சிரித்தாள்.

"எதுக்கு சார் ஒங்களுக்குச் செரமம்? ஒங்க பேரு வார எடத்துலெல்லாம் பக்கத்துல எம்பேரு வந்துக்கிட்டுத்தான இருக்கு. நீங்க போயிச் சேந்தாலும் வரும்."