ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வலைப்பூ

கனிமொழி டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. பேச்சு குறையும், கையில் இருக்கும் சாக்பீஸ் இரண்டாக உடையும். ஆரணியில் அந்த அரசுப் பெண்கள் பள்ளிக்கு அவள் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இந்த விஷயம் பிள்ளைகளுக்கு முதல் வருடமே தெரிந்துபோனது.

2008ஆம் வருடம் ஜூன் மாதம் வேலூரில் ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி நடந்தது. வகுப்பெடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. யார் வேண்டுமானாலும் ஒரு பக்கத்தைத் தொடங்கி எழுதலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், உலகத்தில் எவரும் படித்துக் கீழே கருத்து எழுதலாம் என்றாள். ஒரே கதையை ஐந்து பேர் ஐந்து இடத்திலிருந்து சேர்ந்து எழுதலாம், குரலைப் பதிந்து போடலாம் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். கனிமொழி ஒரு நோட்டு முழுக்கக் குறிப்பெடுத்தாள். திரும்பும் பஸ்ஸில் அவள் மனசு முழுக்க ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுதான் இருந்தது.

பள்ளியில் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. பத்து இருந்தன. வந்து மூன்று வருடம். தலைமையாசிரியை கமலம் அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் வைத்திருந்தார். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் திறந்து, மேலே போட்ட உறைகளைத் தட்டிவிட்டு, மாலையில் பூட்டிவிடுவார்.

"வாரத்துல ரெண்டு பீரியட் குடுத்தா போதும் மேடம். அப்புறம் ஒரு நெட் கனெக்‌ஷன்" என்று கேட்டாள் கனிமொழி.

"பசங்க கை வச்சு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா ஆடிட்டுக்கு யார் பதில் சொல்றது?"

"நான் எழுதிக் குடுக்கறேன் மேடம்."

"எழுதிக் குடுக்கறது இருக்கட்டும். போய் போர்ஷனை முடிங்க."

எழுத்து மூலமாகவே நான்கு முறை கேட்டாள். பதில் வரவில்லை. ஜூலை கடைசியில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டு, மார்க்கெட் பக்கம் இருந்த ஜெயவேலின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள்.

ஆறு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றுக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு. அந்தத் தடுப்புகளால் அந்தக் கடைக்கு ஊரில் நல்ல பெயர் இல்லை. கனிமொழி ஜெயவேலிடம் நேராகவே சொன்னாள்.

"சனிக்கிழமை காலையில பொண்ணுங்கள கூட்டினு வருவேன். அந்த நேரத்துல இந்தத் தடுப்பு இருக்கக் கூடாது. வெளிக்கதவும் தொறந்தே இருக்கணும்."

ஜெயவேல் தலையைச் சொறிந்தான். பிறகு ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தான்.

ஐந்து ஐந்து பேராக அழைத்துப் போனாள். ஒவ்வொரு பெண்ணின் வீட்டிலும் கையெழுத்து வாங்கித்தான் அழைத்துப் போனாள். முதல் வாரம் தமிழில் அடித்ததெல்லாம் திரையில் கட்டம் கட்டமாக விழுந்தது. ஜெயவேல் எழுத்துருவைத் தேடிப் போட்டுக் கொடுத்ததும் முதல் 'அம்மா' வந்தது. அதைப் பார்த்த பெண்கள் தங்கள் பெயர், பக்கத்து வீட்டு ஆட்டின் பெயர் என்று அடித்துக்கொண்டே போனார்கள்.

வகுப்பின் பெயரில் ஒரு வலைப்பூவைத் தொடங்கி, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுங்கள் என்றுதான் கனிமொழி சொன்னாள். கீதா தன் வீட்டில் ஓடும் இரண்டு தறிகளின் சத்தத்தைப் பதிந்து வந்து, எது அம்மாவுடையது, எது சித்தப்பாவுடையது, அம்மாவுக்கு முதுகு வலித்தால் சத்தம் எப்படி மாறும் என்று பேசிப் போட்டாள். தேவிகாபுரம் பஸ்ஸில் வரும் ஒருத்தி, கண்டக்டர் எந்தெந்த நாளில் சில்லறைக்குக் கத்துவார் என்று அட்டவணை போட்டாள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு பேய்க்கதை தொடங்கினார்கள். அந்தப் பேய் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருமலைக் குகையில் குளிர் தாங்காமல் போர்வை கேட்டுக் கீழே இறங்கி வந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் யாரோ ஒருவர் "அப்புறம் என்னாச்சு? சீக்கிரம் எழுதுங்க பிள்ளைங்களா" என்று கீழே எழுதினார். கனிமொழி அதை வகுப்பில் படித்துக் காட்டியபோது, எந்தக் கட்டுரைக்கும் கிடைக்காத அமைதி அங்கே இருந்தது.

அக்டோபரில் பானுப்ரியா எழுதினாள். நெசவு வேலை செய்யும் லோகநாதனின் மகள். வகுப்பில் அதிகம் பேசாத பெண். அவள் எழுதியது இவ்வளவுதான்:

"எங்கள் பள்ளியில் அறுநூற்று நாற்பது பேர். கழிப்பறை நான்கு. ஒன்றுக்குக் கதவு இல்லை. ஒன்றில் தண்ணீர் இல்லை. ஒன்று பூட்டியிருக்கும், அது டீச்சர்களுக்கு. மிச்சம் ஒன்று. அதனால் நான் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். என் பெஞ்சில் நாங்கள் ஐந்து பேரும் குடிக்க மாட்டோம். வீட்டுக்குப் போய் இரண்டு சொம்பு குடிப்பேன். இது எனக்கு மட்டும் தெரிந்ததில்லை. ஆனால் யாரும் பேசுவதில்லை."

ஜெயவேலின் கடையில் உட்கார்ந்து அதைப் படித்த கனிமொழிக்கு முகம் சுட்டது. இதே பள்ளியில்தான் அவளும் படித்தாள். தேவிகாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த அந்த வருடங்களில் அவளும் தண்ணீர் குடித்ததில்லை. அதை எப்போது மறந்தாள்? வேலைக்குச் சேர்ந்த அன்று ஸ்டாஃப் ரூம் ஆணியில் தொங்கிய சாவியைக் காட்டி, "இது நம்முது" என்று யாரோ சொன்ன நிமிடத்திலேயே மறந்திருக்க வேண்டும். ஆறு வருடமாக அந்தச் சாவியை எடுத்துப்போய்த் திறந்து, திரும்பப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். யார் மேல் கோபப்படுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"டீச்சர், ஏதாச்சும் தப்பா எழுதிட்டேனா?" என்றாள் பானுப்ரியா.

"ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. போடு."

பத்து நாளில் அந்தப் பதிவுக்கு எழுபது கருத்து வந்தது. பழைய மாணவிகள் வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதினார்கள். யாரோ அதை அச்செடுத்து மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து தலைமையாசிரியைக்குப் போன் வந்தது.

கமலம் கனிமொழியை வகுப்பிலிருந்து வரச் சொன்னார். மேஜை மேல் ஒரு காகிதம் இருந்தது.

"பொம்பளப் பசங்கள அந்த மாதிரி கடைக்கு கூட்டினு போறீங்கன்னு பெத்தவங்க புகார் குடுத்திருக்காங்க. ஒரு பொண்ணு பேர் கெட்டா யார் பொறுப்பு?"

புகாரின் கீழே இருந்த கையெழுத்து பானுப்ரியாவின் அப்பா லோகநாதனுடையது. அழைத்துப்போகச் சம்மதம் கொடுத்து அவர் போட்ட கையெழுத்து கனிமொழியின் ஃபைலில் இருந்தது.

"இத நான் மேல அனுப்பல. நீங்க அந்தக் கக்கூஸ் கட்டுரையை எடுத்துடுங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி" என்ற கமலம், கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தார்.

கம்ப்யூட்டர் அறை திறந்தது. எலிப்புழுக்கை நாற்றம் முகத்தில் அடித்தது. உறையை எடுத்தால், முதல் மூன்று மிஷின்களின் ஒயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. நான்காவது உயிர் பெற்றது. கமலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க அது? காட்டுங்க."

"இதுல வராது மேடம்."

"ஏன் வராது?"

"நெட் இல்ல. அழிக்கறதுக்கும் அதுதான் வேணும். நாலு தடவ எழுதிக் கேட்டேன்."

கமலத்தின் முகம் கறுத்தது. "அப்போ அந்தக் கடைக்கே போய் அழிச்சிட்டு வாங்க."

"பொம்பளைங்க போகக் கூடாத எடம்னு இப்பதான சொன்னீங்க."

கமலம் எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "வந்த எடத்த மறந்துட்டு பேசறீங்க கனிமொழி."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையிருக்கவில்லை. கனிமொழியின் அப்பா எல்லப்பன் தேவிகாபுரத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் அது தெரியும். கனிமொழியின் கையில் இருந்த சாக்பீஸ் தூளாகி நகக்கண்ணில் ஏறியது.

"மறக்கல மேடம். கட்டுரைய எடுக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். பிற்பகலில் மெமோ வந்தது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

அன்று பள்ளி விட்டதும் நேராக லோகநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் தறியில் இருந்தார். அவளைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்து வெளியே வந்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

"டி.சி. குடுத்துடுவேன்னாங்க டீச்சர். பொண்ணு படிப்பு போயிடுமேன்னு போட்டுட்டேன். அதுல என்னா எழுதியிருந்ததுன்னுகூட படிக்கல."

"படிக்காம போட்டீங்க. சரி. இதையாச்சும் படிங்க."

பானுப்ரியா எழுதியதை அச்செடுத்து வைத்திருந்தாள். அவர் உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். முடித்துவிட்டு உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டு, அவளுக்கும் படித்துக் காட்டினார். பானுப்ரியாவின் அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ரெண்டு மாசமா ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு அழுதுகினு இருக்குது டீச்சர். சூட்டு ஒடம்புன்னு மோரு குடுத்துகினு இருக்கேன் நானு."

லோகநாதன் மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்னா பண்ணியிருப்ப?" என்றாள் பானுப்ரியா.

கனிமொழிக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அந்தப் பூட்டின கக்கூஸ் சாவி எங்க ரூம்லதான் தொங்குதுண்ணா. ஆறு வருஷமா நானும் அதத்தான் எடுத்துகினு போறேன்."

அவர் அவளை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். "அப்போ ஆறு வருஷமா நீங்க என்னா பண்ணிகினு இருந்தீங்க டீச்சர்?"

மரியாதை குறையாமல்தான் கேட்டார். அதனால்தான் அது அதிகம் வலித்தது. "ஒண்ணும் பண்ணல" என்றாள்.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே கனிமொழி ஸ்டாஃப் ரூம் ஆணியிலிருந்து சாவியை எடுத்து, அந்தக் கதவைத் திறந்து, பூட்டையும் சாவியையும் கொண்டுபோய்த் தலைமையாசிரியையின் மேஜை மேல் வைத்தாள். சக ஆசிரியைகளில் ஒருத்தி, "நாங்க எங்க போறது?" என்று சண்டைக்கு வந்தாள். "வரிசையில" என்றாள் கனிமொழி. அதற்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் பாதிப்பேர் அவளோடு பேசவில்லை.

பத்து மணிக்கு லோகநாதன் வந்தார். தனியாக வரவில்லை. அவர் தெருவிலிருந்து முப்பது பேர், பெரும்பாலும் அம்மாக்கள். தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள். வாட்ச்மேன் வீரன் கேட்டைச் சாத்தப் போனார். "எம்பொண்ணும் இங்கதான் படிக்குது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி திறந்துவிட்டார்.

"நான் குடுத்த புகாரத் திருப்பிக் குடுங்க மேடம்" என்றார் லோகநாதன்.

"அப்படியெல்லாம் குடுக்க முடியாது. ரெக்கார்டு ஆயிடுச்சு."

"அப்போ இதையும் ரெக்கார்டு பண்ணுங்க." அவர் நீட்டிய காகிதத்தில், டி.சி. தருவதாகப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று எழுதி, கூட வந்த முப்பது பேரும் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கீதாவின் அம்மா ஒரு சொம்பு தண்ணீரை மேஜை மேல் வைத்தாள். "குடிங்க மேடம். குடிச்சிட்டு, சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்காம உக்காந்துகினு இருங்க. எங்க பசங்க அப்படித்தான் இருக்குதுங்க."

கமலம் அந்தச் சொம்பைத் தொடவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் கதவு வந்தது. குழாய் வந்தது. எலி கடித்த ஒயரை மாற்ற ஆள்கூட வந்தது.

மெமோ அப்படியே இருந்தது. பள்ளி நேரத்துக்கு வெளியே, அனுமதியின்றி மாணவிகளை அழைத்துச் சென்றது குற்றம்தான் என்றார்கள். கனிமொழி மூன்று வரியில் விளக்கம் எழுதினாள். அழைத்துச் சென்றேன், பெற்றோர் சம்மதம் இணைத்திருக்கிறேன், மறுபடி கேட்டாலும் இதுவே என் பதில். டிசம்பரில் நிர்வாக நலன் கருதி என்று ஓர் உத்தரவு வந்து, வருட நடுவில் அவளைத் தேசூர் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றியது. விடைபெறும் நாளில் கமலம், "என்கிட்ட மொதல்ல சொல்லியிருந்தா நானே பண்ணியிருப்பேனே" என்றார். கனிமொழி கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி வெளியே வந்தாள்.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, வந்தவாசியில் பஸ் மாறும்போது ஒரு பிரவுசிங் சென்டரில் நுழைந்து வலைப்பூவைத் திறந்தாள். பானுப்ரியா புதிதாக எழுதியிருந்தாள். யாரும் திருத்தாமல் நேராகப் போட்டது, நாலு இடத்தில் ஒற்றுப்பிழை.

"எங்கள் கழிப்பறைக்குத் திறப்பு விழா நடந்தது. எச்.எம். மேடம் ரிப்பன் வெட்டினார். தன் முயற்சியால் கிடைத்தது என்று பேசினார். எல்லோரும் கை தட்டினோம். மூன்றாம் நாள் மோட்டார் ரிப்பேர் ஆனது. இன்று ஆறாவது நாள். தண்ணீர் இல்லை."

கனிமொழிக்குக் காது வரை சூடேறியது. ரிப்பன். கழிப்பறைக் கதவுக்கு ரிப்பன். பாஸ்வேர்ட் அவளிடமும் இருந்தது. உள்ளே போய்ப் பிழைகளைத் திருத்தியிருக்கலாம். தொடவில்லை. கீழே இருந்த கருத்துப் பெட்டியில் அடித்தாள்:

"பானு, மோட்டார் நின்ற தேதி, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், மூன்றையும் சேர்த்து எழுது. பெயரோடு எழுது. கீதாவைக் குழாய் சத்தத்தைப் பதியச் சொல். உன் உடம்பு எப்படி இருக்கிறது?"

கடைக்காரர் நேரம் முடிந்துவிட்டது என்றார். இன்னும் அரை மணி வேண்டும் என்று சொல்லிவிட்டு, கனிமொழி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தேசூர் பஸ் வெளியே ஹாரன் அடித்துக் கிளம்பிப் போனது.